பெரிய செயின்சா வாங்கப் போகிறீர்களா? ஸ்டில், ஹஸ்க்வர்னா, மற்றவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் அறுப்பதையே தொழிலாகச் செய்பவர்களும், பெரிய அடிமரங்களைப் பலகையாக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தோட்டத்தில் மட்டை வெட்டுகிற சின்ன மெஷின்களைப் பற்றி இதில் எதுவும் இல்லை.

பெரிய மெஷின் என்று எதைச் சொல்கிறீர்கள்?

70 சிசியில் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50, 60 சிசி மெஷின்களும் தொழில்முறையில் ஓடுகின்றன. கிளை கழிப்பதற்கும் நடுத்தர மரத்துக்கும் அவைதான் சரி. 70-லிருந்து 80 வரை ஒரு வகுப்பு, 90 சிசி ஒரு வகுப்பு, 120 சிசி இன்னொரு வகுப்பு. இந்த மூன்றில் எது தேவை என்று முடிவாகாமல் பிராண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. பெரும்பாலான சண்டைகள் இப்படித்தான் நடக்கின்றன: ஒருவர் 72 சிசி மெஷினை மனதில் வைத்துப் பேசுவார், இன்னொருவர் 92 சிசியை வைத்துப் பதில் சொல்வார்.

ஸ்டிலா, ஹஸ்க்வர்னாவா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் எந்த மெக்கானிக் நல்லவரோ, அவர் எந்தப் பிராண்டின் உதிரி பாகங்களை அலமாரியில் வைத்திருக்கிறாரோ, அது. அவர் இரண்டு பிராண்டையுமே நன்றாகப் பார்ப்பார் என்றால், கையில் தூக்கிப் பார்த்து எது பிடிக்கிறதோ அது.

மழுப்புகிற பதில் போலத் தெரியும். ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு மெஷின்களுக்கு நடுவே அறுக்கும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை, செயினை ஒரு தடவை அரத்தால் நன்றாகத் தீட்டினாலே தாண்டிவிடலாம். மெஷின் நின்று, ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காக இரண்டு வாரம் காத்திருக்கும் நஷ்டத்தை எதைத் தீட்டியும் ஈடுகட்ட முடியாது.

அப்படியென்றால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. விளம்பரத்தில் சொல்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டில் 1926-ல் ஜெர்மனியில் தொடங்கிய குடும்ப நிறுவனம். ஹஸ்க்வர்னா ஸ்வீடனில் 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959-ல்தான் முதல் செயின்சாவைச் செய்தது. பழமையை வைத்து இன்றைய மெஷினை எடை போட முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் வடிவமைப்பில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது, அதைக் கையில் உணரலாம்.

ஸ்டிலில் ஒரே ஒரு நெம்புகோல். சோக், ஸ்டார்ட், ஓட்டம், நிறுத்தம் எல்லாம் அதில்தான். ஹஸ்க்வர்னாவில் சோக் தனி, நிறுத்தும் சுவிட்ச் தனி. ஸ்டிலின் டேங்க் மூடிகளைக் கருவி இல்லாமல் மடக்கித் திருகலாம்; நேராக உட்காரவில்லை என்றால் பெட்ரோல் காலில் கொட்டும், எனவே உட்கார்ந்ததா என்று ஒரு தடவை தூக்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஹஸ்க்வர்னாவின் பெரிய மெஷின்களில் பெரும்பாலும் சாதாரணத் திருகு மூடி. அழகில்லை, ஆனால் தொந்தரவும் குறைவு.

பல ஹஸ்க்வர்னா மாடல்களில் செயின் பிரேக்கின் பட்டை, கிளட்ச் மூடிக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் விழுந்த நிலையில் மூடியைக் கழற்றிவிட்டால் திரும்ப மாட்ட முடியாது; பட்டை இறுகிப்போயிருக்கும். புதிதாக மாறியவர்கள் காட்டுக்குள் நின்று முழிப்பது இதில்தான். பிரேக்கைத் திரும்ப விடுவிக்க ஒரு சாவியையோ இன்னொரு மெஷினின் கைப்பிடியையோ பயன்படுத்த வேண்டியிருக்கும். ஸ்டிலில் பிரேக் மெஷின் உடலோடு இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. அதே சமயம், ஹஸ்க்வர்னாவில் மூடியைக் கழற்றினால் பட்டை கண்முன் வந்துவிடும், துடைப்பதும் மாற்றுவதும் எளிது.

சமநிலையும் வேறு. பொதுவாக ஹஸ்க்வர்னா கொஞ்சம் ஒல்லியாக, கிளை கழிக்கும்போது இடுப்பைச் சுற்றித் திருப்ப வசதியாக இருக்கும் என்பார்கள். ஸ்டில் கொஞ்சம் கட்டையாக, அடிமரத்தில் முட்டுப் பற்களை ஊன்றி அழுத்தும்போது உறுதியாக இருக்கும் என்பார்கள். இதில் உண்மை உண்டு, ஆனால் புதிய மாடல்களில் இந்த இடைவெளி நிறையக் குறைந்துவிட்டது. பழைய காலத்து அபிப்பிராயத்தை அப்படியே புது மெஷின்மேல் ஏற்ற வேண்டாம்.

சிசி, கிலோவாட், எடை. பட்டியலில் எதைப் பார்ப்பது?

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எடையைக் கிலோவாட்டால் வகுத்தால் ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று தெரியும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

நிறுவனங்கள் தரும் எண்களை வைத்து நான் போட்ட கணக்கு: ஸ்டில் எம்.எஸ். 462, 72.2 சிசி, 4.4 கிலோவாட், 6.0 கிலோ. வகுத்தால் 1.36. ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்.பி., 70.6 சிசி, 4.3 கிலோவாட், 6.6 கிலோ, 1.53. ஸ்டில் எம்.எஸ். 500ஐ, 79.2 சிசி, 5.0 கிலோவாட், 6.2 கிலோ, 1.24. ஸ்டில் எம்.எஸ். 661, 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ, 1.37. ஹஸ்க்வர்னா 592 எக்ஸ்.பி., 92.7 சிசி, 5.6 கிலோவாட், 7.4 கிலோ, 1.32.

இதில் சுவாரசியம் என்னவென்றால், 70 சிசி வகுப்பில் ஸ்டில் முந்துகிறது, 90 சிசி வகுப்பில் ஹஸ்க்வர்னா முந்துகிறது. ஒரு பிராண்ட் எல்லா அளவிலும் சிறந்தது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வரியைக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த எடையில் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேரவில்லை, பெட்ரோலும் ஆயிலும் சேரவில்லை. அதையெல்லாம் போட்டால் 6 கிலோ மெஷின் கையில் 8, 9 கிலோவாக வந்து நிற்கும். எடை குறைந்த, நடுவில் வெட்டு எடுத்த பார் ஒன்றைப் போட்டால் மூக்குப் பக்கத்தில் தெரிகிற நிம்மதி, மெஷின் எடையில் கால் கிலோ குறைவதைவிடப் பெரிது. பட்டியலைப் பார்த்து 200 கிராமுக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பாரை மறந்துவிடுகிறார்கள்.

90 சிசி வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

எல்லாவற்றுக்கும் ஆகும், உங்கள் முதுகுக்கு மட்டும் ஆகாது. நாள் முழுவதும் அறுப்பவரின் மெஷின், வேலையில் பெரும்பகுதிக்குப் பொருந்த வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை வரும் ராட்சச மரத்துக்காக மற்ற நாளெல்லாம் கூடுதல் எடையைச் சுமப்பது கட்டுப்படியாகாது. என்னைக் கேட்டால், 90 சிசி வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 80 சிசி போதும். எம்.எஸ். 500ஐ வந்த பிறகு இது இன்னும் உண்மை. 90 சிசிக்கு ஓரளவு நெருங்கும் திறன், ஒரு கிலோவுக்கு மேல் குறைந்த எடை.

விதிவிலக்கு: கடினமான மரத்தில் 28 அங்குலத்துக்கு மேல் பாரை முழுக்கப் புதைத்து, தொடர்ந்து அறுப்பவர்கள். அவர்களுக்கு 90-தான்.

120 சிசி மெஷின்கள் யாருக்கு?

ஸ்டில் எம்.எஸ். 881 (121.6 சிசி, 6.4 கிலோவாட், 9.9 கிலோ), ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்.பி. (118.8 சிசி, 6.2 கிலோவாட், 10.4 கிலோ). இரண்டும், மெஷினை நேராக வழிநடத்தும் ஒரு சட்டத்தில் பொருத்திப் பலகை அறுப்பவர்களுக்கும், மிகப் பெரிய அடிமரத்தை வெட்டுபவர்களுக்கும்.

பலகை அறுப்பது வேறு வேலை. நாரோடு சேர்ந்து நீளவாக்கில் அறுக்கும்போது மெஷின் முழு வேகத்தில், முழுச் சுமையில், பல நிமிடம் தொடர்ந்து ஓடுகிறது. குறுக்கே அறுக்கும்போது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு விடும். இதில் அது கிடையாது. அதனால் இங்கே வேகத்தைவிட முறுக்கு விசையும், குளிர்ச்சியும், ஆயில் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்பதும் முக்கியம். 70 சிசி மெஷினை நீளப் பாரோடு பலகைச் சட்டத்தில் மாட்டினால் அறுக்கும். ஆனால் சிலிண்டர் காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் தலைமேல் நிற்கும். பலகைக்கு மெஷினைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. செயினும் தனி: பல்லின் மேல் வெட்டைச் சுமார் 10 டிகிரிக்குத் தீட்டியது.

இந்த வகுப்பில் ஸ்டிலா ஹஸ்க்வர்னாவா என்றால், எடையும் திறனும் ஸ்டிலுக்குச் சாதகம். சட்டத்தில் மாட்டி வைக்கும் மெஷினுக்கு அரைக் கிலோ வித்தியாசம் பெரிதல்ல என்பதால், பாகம் எது எளிதாகக் கிடைக்கிறதோ அதையே எடுங்கள்.

கார்பரேட்டரா, கம்ப்யூட்டரா? எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன், இன்ஜெக்ஷன் இதெல்லாம் நம்பலாமா?

மூன்று தலைமுறை இருக்கிறது. பழையது: ஸ்க்ரூ டிரைவரால் நீங்களே திருப்பும் கார்பரேட்டர். அடுத்தது: ஸ்டிலின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன். இவற்றிலும் கார்பரேட்டர் உண்டு, ஆனால் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்வால்வு மெஷினின் வேகத்தைப் பார்த்துத் தானே சரிசெய்கிறது. மூன்றாவது, 2019-ல் வந்த எம்.எஸ். 500ஐ: கார்பரேட்டரே இல்லை, எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் உள்ளே செலுத்தப்படுகிறது. விற்பனைக்கு வந்த செயின்சாக்களில் இதுதான் முதல். செயின் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.25 வினாடியில் தொடும் என்று நிறுவனம் சொல்கிறது. விசையை அழுத்தியவுடன் கையில் தெரியும் ஒரு துடிப்பு அது.

நன்மை தெளிவு. உயரமும் வெப்பமும் மாறினாலும், ஏர் ஃபில்டரில் தூசி படிந்தாலும் மெஷின் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டரைத் தவறாகத் திருப்பி, பெட்ரோல் குறைந்து ஓடி, பிஸ்டன் எரிந்துபோவது இதனால் வெகுவாகக் குறைகிறது.

கெடுதல் எங்கே என்றால், கோளாறு வந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கணினியில் இணைத்துப் பார்க்கும் கருவி வேண்டும், அது டீலரிடம்தான் இருக்கும். காட்டுக்குள் தங்கி வேலை செய்பவர், டீலர் ஒரு நாள் பயணத்துக்கு அப்பால் இருப்பவர் என்றால், ஸ்க்ரூ வைத்த பழைய பாணி மெஷின் இன்னும் கிடைத்தால் அதை எடுப்பதில் தவறே இல்லை. அருகில் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் எலக்ட்ரானிக்கைத் தாராளமாக வாங்கலாம். ஆட்டோட்யூனின் முதல் சில வருடங்களில் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகாத புகார்கள் நிறைய வந்தன. அதைச் சொல்லி இன்றைய மெஷினைத் தள்ளிவைக்க வேண்டாம்.

மாடல் பெயரில் உள்ள எழுத்துகள் என்ன?

ஹஸ்க்வர்னாவில் எக்ஸ்.பி. என்றால் தொழில்முறை வரிசை, ஜி என்றால் சூடேறும் கைப்பிடி. ஸ்டிலில் சி-எம் என்றால் எம்-ட்ரானிக் உள்ளது, டபிள்யூ என்றால் சூடேறும் கைப்பிடி, ஆர் என்றால் முழுவட்டக் கைப்பிடி. குளிர்ப் பிரதேசத்தில் இல்லாதவர் சூடேறும் கைப்பிடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

எந்த நீளப் பார் போடலாம்?

70 சிசிக்கு 18 முதல் 25 அங்குலம், 80 சிசிக்கு 20 முதல் 30, 90 சிசிக்கு 24 முதல் 36, அதற்கு மேல் 120 சிசி. மென்மரத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டலாம், கடினமரத்தில் கொஞ்சம் சுருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் அறுக்கத் தெரிந்தவருக்கு மரத்தின் விட்டத்தைவிடச் சிறிய பாரே போதும். நீளப் பார் என்றால் தீட்ட வேண்டிய பற்களும் அதிகம், மூக்கு எங்காவது மண்ணில் இடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஆனால் குனியாமல் கிளை கழிக்கலாம் என்பதற்காகவே நீளமானதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், முதுகு வலி உள்ளவர்களிடம் அதை மறுத்துப் பேச முடியாது.

பழைய பாரையும் செயினையும் புது பிராண்டில் மாட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. ஸ்டிலின் பெரிய மெஷின்களுக்கும் ஹஸ்க்வர்னாவின் பெரிய மெஷின்களுக்கும் பாரின் பின்புறப் பள்ளத்தின் அகலம் வேறு, ஆயில் துளையின் இடம் வேறு. இடைப்பட்டை வைத்து மாட்டுபவர்கள் உண்டு. ஆயில் சரியாக ஏறவில்லை என்றால் பார் கருகிவிடும்.

செயினில் மூன்று அளவு பொருந்த வேண்டும். முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுங்கள். பெரிய மெஷின்களில் 3/8 அங்குலம், அதைவிடப் பெரியவற்றில் .404 அங்குலம். இரண்டாவது, பாரின் பள்ளத்துக்குள் ஓடும் இணைப்பின் தடிமன்: ஸ்டிலில் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவில் பெரும்பாலும் 1.5. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், 1.5 செயினை 1.6 பாரில் போட்டால் ஆடும், 1.6-ஐ 1.5-ல் போட்டால் உள்ளேயே நுழையாது. மூன்றாவது, அந்த இணைப்புகளின் எண்ணிக்கை. இந்த மூன்றையும் பாரின் பின்பகுதியிலேயே அடித்திருப்பார்கள், கடைக்குப் போகுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பார், பத்துப் பன்னிரண்டு செயின் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, பிராண்ட் மாறுவதன் உண்மையான செலவு இதுதான். மெஷின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செயினை மெஷின் நிறுவனத்திடமே வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஸ்டில் தன் செயினைத் தானே ஸ்விட்சர்லாந்தில் செய்கிறது, அதன் உருக்கு கெட்டியாக இருக்கும், கூர்மை நீடிக்கும், தீட்டுவதற்குக் கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டும். ஹஸ்க்வர்னா முன்பு வெளியே வாங்கியது. இப்போது எக்ஸ்-கட் என்ற பெயரில் தானே செய்கிறது. ஓரிகன் எல்லா மெஷினுக்கும் கிடைக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ காக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து 1940-களில் உருவாக்கிய பல்லின் வழிவந்தவைதான் இன்றைய செயின்கள் எல்லாம். பார் என்றால் ஜப்பானின் சுகிஹாரா, சுமுரா ஆகிய இரண்டையும் தொழில்காரர்கள் மதிக்கிறார்கள்.

அரத்தின் அளவில் மட்டும் கவனம்: 3/8 செயினுக்கு ஸ்டில் 5.2 மில்லிமீட்டர் அரம் சொல்கிறது, வேறு பலர் 5.5 சொல்கிறார்கள். செயின் வந்த பெட்டியில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

மண் படிந்த மரம், எரிந்த மரம், தரையில் கிடக்கும் கட்டை என்றால் முனை மழுங்கிய வட்டமான பல். சுத்தமான நிற்கும் மரம் என்றால் கூர்முனைச் சதுரப் பல். மிக நீளப் பாருக்குப் பற்களை இடைவெளி விட்டு அமைத்த செயின், மரத்தூள் வெளியேற இடம் கிடைக்கும்.

எக்கோ, மகிட்டா, டோல்மார், யோன்செரெட் எப்படி?

எக்கோ ஜப்பானின் யமபிகோ நிறுவனத்துடையது. அந்த யமபிகோ, கியோரிட்சும் ஷிண்டைவாவும் 2008-ல் இணைந்து உருவானது. எளிதில் கெடாத மெஷின்கள். 73.5 சிசி கொண்ட சி.எஸ். 7310பி-ஐ இந்தப் போட்டியில் தாராளமாகச் சேர்க்கலாம். கொஞ்சம் கனம், கொஞ்சம் நிதானம், ஆனால் கார்பரேட்டரை நீங்களே திருப்பிக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் பிடிக்காதவர்களுக்கு இதை முதலில் சொல்வேன்.

டோல்மாரின் கதை வருத்தமானது. 1927-லேயே பெட்ரோல் செயின்சா செய்த ஜெர்மன் நிறுவனம். 1991-ல் மகிட்டா வாங்கியது. பேட்டரிக்கு முழுவதுமாக மாறுவதென்று முடிவெடுத்து மகிட்டா 2022-ல் எஞ்சின் கருவிகள் செய்வதையே நிறுத்திவிட்டது. டோல்மாரின் 79 சிசி மெஷின் அருமையானது. ஏற்கெனவே இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

யோன்செரெட், ஹஸ்க்வர்னா குழுமத்துடையது. அதன் பெரிய மெஷின்கள் சிவப்பு உடையில் இருக்கும் ஹஸ்க்வர்னாக்களே. 2171, 372 எக்ஸ்.பி.யின் இரட்டை. பழையதாகக் கிடைத்தால் பாகங்களும் பெரும்பாலும் பொருந்தும், விலையும் குறைவாக இருக்கும்.

அதே மாதிரி இருக்கும் சீன மெஷின்கள் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே?

இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, காப்புரிமை முடிந்த பழைய வடிவமைப்பைத் தன் பெயரிலேயே செய்து விற்பது. ஹோல்ஸ்ஃபோர்மா ஜி660 இப்படி. ஸ்டிலின் பழைய 066, எம்.எஸ். 660-ஐப் பார்த்துச் செய்தது, பெரும்பாலான பாகங்கள் மாறிமாறிப் பொருந்தும். இன்னொன்று, ஸ்டில் என்றே எழுதி ஏமாற்றுவது. எம்.எஸ். 070 என்ற பழைய 106 சிசி மெஷினின் பெயரில் இந்தப் போலிகள் மிகுதி.

முதல் வகையைப் பலகைச் சட்டத்தில் மாட்டி, மெஷினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர் வாங்கலாம். தாங்கி, சீல், எரிபொருள் குழாய், பிஸ்டன் வளையம் ஆகியவற்றை வாங்கியவுடனேயே மாற்றிவிடுபவர்கள் உண்டு. பிழைப்புக்காக அறுப்பவர் இதை முதல் மெஷினாக வைக்கக் கூடாது. செயின் பிரேக் ஒரு தடவை வேலை செய்யாமல் போனால் மிச்சம் பிடித்த பணம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகையை அடையாளம் காண, வரிசை எண்ணை மெஷின் உடலில் தேடுங்கள், ஸ்டிக்கரில் இல்லை. அந்த எண்ணைச் சொல்லி அதிகாரப்பூர்வ டீலரிடம் கேளுங்கள். இணையத்தில் பெட்டியாக வந்து இறங்கும் பெரிய ஸ்டில் மெஷின் என்றாலே சந்தேகப்படலாம். அந்த நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் சர்வீஸ் செய்யும் டீலர்கள் வழியாகத்தான் தன் தொழில்முறை மெஷின்களை விற்கிறது.

டீலரிடம் என்ன கேட்க வேண்டும்?

விலையை கடைசியில் கேளுங்கள். முதலில், அந்த மாடலுக்கு ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறும் ஸ்ப்ரிங்கும், கிளட்ச் டிரம், ஸ்ப்ராக்கெட், ஆயில் பம்ப், எரிபொருள் குழாய் இவை கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, காட்டச் சொல்லுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்பது இல்லை என்பதற்கான மரியாதையான சொல். அடுத்து, எலக்ட்ரானிக் மெஷின் என்றால் பரிசோதனைக் கருவி கடையிலேயே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? பழுதுபார்க்கும் நேரத்துக்கு மாற்று மெஷின் தருவார்களா? உத்தரவாதம் தொழில்முறை உபயோகத்துக்கும் பொருந்துமா? வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலமும் தொழிலுக்கு அதைவிடக் குறைந்த காலமும் எழுதியிருப்பது வழக்கம், தாளை வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் கடையின் பின்புறம் பழுதுக்கு வந்து வரிசையில் நிற்கும் மெஷின்களை ஒரு பார்வை பாருங்கள். எந்த மாடல் அதிகம் நிற்கிறது என்பது ஒரு தகவல். மூன்று மாதத்துத் தூசியோடு நிற்கிறதா என்பது இன்னும் நல்ல தகவல்.

பழைய மெஷின் வாங்கலாமா?

தாராளமாக. பெரிய தொழில்முறை மெஷினில் எல்லாப் பாகமும் மாற்றக்கூடியது, அதனால்தான் அது தொழில்முறை மெஷின். சூடாகாத நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்; நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். சைலன்சரைக் கழற்றினால் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கம் தெரியும்: நெடுக்காகக் கீறல் இருந்தால், பிஸ்டன் ஒரு தடவை இறுகிப் பிடித்துக்கொண்ட மெஷின். அழுத்தமானி வைத்துப் பார்த்தால் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் நன்று, 120-க்குக் கீழே என்றால் பிஸ்டனும் வளையமும் மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள். சும்மா ஓடும்போது வேகம் தானாக ஏறி இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. அந்த மெஷின் சீக்கிரம் பிஸ்டனைக் கேட்கும். ஃப்ளைவீல் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தாங்கி தேய்ந்திருந்தால் கையில் தெரியும்.

அந்தந்தப் பிராண்ட் ஆயிலையே ஊற்ற வேண்டுமா?

ஜாசோ எஃப்.டி. தரம் எழுதிய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் எதுவும் போதும். 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. படகு எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், அது தண்ணீர்க் குளிர்ச்சி எஞ்சினுக்கானது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். உத்தரவாதக் காலத்தில் மட்டும், பிற்பாடு வாக்குவாதம் வேண்டாமே என்று நிறுவன ஆயிலையே ஊற்றி ரசீதை வைத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள்.

மலை உயரத்தில் வேலை. பிராண்ட் மாறுமா?

பிராண்ட் மாறாது, அளவு மாறும். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதத் திறன் குறையும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், 90 சிசி மெஷின் 70 சிசி போல நடந்துகொள்ளும். ஒரு வகுப்பு மேலே எடுங்கள்.

அதிர்வு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டுமா?

கட்டாயம். அதிர்வால் விரல் மரத்து வெளுத்துப்போகும் நோய் ஒரு தடவை முற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஐரோப்பிய விதி 8 மணி நேர வேலைக்கு 2.5 மீ/வி² தாண்டினால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது, 5-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. மெஷினின் கைப்பிடியில் 5 என்று போட்டிருந்தால், 2 மணி நேர அறுப்பிலேயே அந்த 2.5 என்ற அளவு நிறைந்துவிடும். 4 என்று இருந்தால் சுமார் 3 மணி நேரம். கைப்பிடியில் ஒரு புள்ளி குறைந்தால் நாளில் ஒரு மணி நேரம் கூடுகிறது. கிலோவாட்டில் ஒரு புள்ளிக்காகச் சண்டை போடுபவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பிராண்டிலும் முன் கைப்பிடி, பின் கைப்பிடி என்று இரண்டு எண் தந்திருப்பார்கள், பெரியதை எடுத்துக் கணக்குப் போடுங்கள். தேய்ந்த ஸ்ப்ரிங்கும் மழுங்கிய செயினும் இந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

பாதுகாப்புக் கால்சட்டை போட்டால் பெரிய மெஷினிலிருந்தும் காக்குமா?

ஓரளவுக்கு. அந்தத் துணி மெஷினின் பல்லில் நாராகச் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்துகிறது. வகுப்பு 1 என்பது 20 மீ/வி செயின் வேகத்துக்குச் சோதித்தது. வகுப்பு 2-க்கு 24, வகுப்பு 3-க்கு 28. இப்போது உங்கள் மெஷினைப் பாருங்கள்: 3/8 செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 133 மில்லிமீட்டர் செயின் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அது 22 மீ/வி. வகுப்பு 1-ஐத் தாண்டிவிட்டது. சுமையில்லாமல் 13,000-க்கு மேல் ஏறும் மெஷின்களில் 28-ஐயும் தொட்டுவிடும். 8 பல் போட்டால் இன்னும் அதிகம். எனவே பெரிய மெஷினுக்கு வகுப்பு 1 கால்சட்டை போதும் என்று நினைக்க வேண்டாம். போடாமல் இருப்பதைவிட எந்த வகுப்பும் மேல்; ஆனால் பாரின் மூக்கின் மேல் பாதியால் எதையும் தொடாமல் இருப்பதும், நகரும்போது பிரேக்கைப் போடுவதும்தான் முதல் காப்பு.

இன்னும் சில வருடத்தில் பேட்டரி வந்துவிடுமே, காத்திருக்கலாமா?

இன்று கிடைக்கும் நல்ல பேட்டரி மெஷின்கள் சுமார் 50 சிசி அளவுக்கு வந்திருக்கின்றன. கிளைக்கும் கட்டிடத்துக்கு உள்ளே நடக்கும் வேலைக்கும் அருமை. 30 அங்குலப் பாரைப் புதைத்து நாள் முழுவதும் அறுக்க மாற்று இல்லை. வேலை கையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கடையில் தூக்கிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

வெறும் மெஷினைத் தூக்கிவிட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் போடப்போகும் நீளப் பாரை மாட்டச் சொல்லி, டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். முன் கைப்பிடியில் ஒரு கையால் பிடித்தால் மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும், தொங்கக் கூடாது. வேலையில் போடும் கையுறையோடு விசையை அழுத்திப் பாருங்கள், விரல் மாட்டுகிறதா? மரத்தை விழவைக்கும் வாக்கில் பக்கவாட்டில் திருப்பி, முழங்கை எங்கே போகிறது என்று பாருங்கள். கயிற்றை இழுத்துப் பாருங்கள், அழுத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்தியும் அழுத்தாமலும். ஏர் ஃபில்டரைக் கழற்றி மாட்டச் சொல்லாமல் நீங்களே கழற்றி மாட்டுங்கள். தூசி மிகுந்த இடத்தில் தினமும் செய்ய வேண்டிய வேலை அது. இரண்டு பிராண்டையும் இதே வரிசையில், ஒரே நாளில், ஒரே நீளப் பாரோடு செய்து பார்த்தால் போதும். கடைக்காரர் பார் மாட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.